குதிரை அல்லாத ஒருவர்

ஒரு காட்டில் முட்டை வடிவப் பந்தை வைத்து விளையாடும் அணி ஒன்று இருந்தது. களத்தில் முட்டி மோதுவதெல்லாம் எருமைகள். தலைமைப் பயிற்சியாளர் மட்டும் எப்போதும் ஒரு குதிரை. காடே முணுமுணுக்கத் தொடங்கியதும் புதிதாக ஒரு விதி போட்டார்கள். குதிரை அல்லாத ஒருவரையாவது நேர்காணல் செய்த பிறகுதான் அந்தப் பதவியை யாருக்கும் கொடுக்கலாம்.

துணைப் பயிற்சியாளராக இருந்த காரி என்ற எருமைக்கு அழைப்பு வந்தது. நேர்காணல் நாளன்று அது விடியுமுன்பே எழுந்தது. சேறு போகக் குளித்து, கொம்புக்கு எண்ணெய் தடவி, சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தபடி நேர்காணல் அறைக்குள் நுழைந்தது.

மேஜைமேல் பாதி தின்ற கொள்ளுக் கிண்ணமும் ஒரு ரோஜா மாலையும் இருந்தன. மாலை தனக்குத்தானோ என்று காரி நினைத்தது. கிட்டே போனபோது அதில் பிடரி மயிர் இரண்டு ஒட்டியிருந்தது தெரிந்தது. யாரோ ஏற்கெனவே கழுத்தில் போட்டு அளவு பார்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் காரி பேசியது. போன வருடம் தோற்ற ஆட்டங்களில் எங்கே ஓட்டை விழுந்தது, அதை எப்படி அடைப்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னது. அணியின் உரிமையாளரான கிழட்டுக் குதிரை தலையாட்டிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அருமையாப் பேசினீங்க. போயிட்டு வாங்க."

காரி நகரவில்லை. "ஐயா, எனக்கு இங்க ஏதாவது வாய்ப்பு..."

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? அடுத்த தடவையும் நீங்க கட்டாயம் வரணும். நீங்க வரலைன்னா எங்களால ஒரு குதிரையைக்கூட வேலைக்கு வைக்க முடியாது."