மேல் மூடி

ஜன்னலுக்கு அடியில் உட்காரும் பலகையும் அதன் கீழே பெட்டியுமாகச் செய்துதர வந்த தச்சர் மரியசூசை, மேல் மூடிக்குப் பதிலாக இழுப்பறையை முன்பக்கம் வைத்தால்தான் வசதி என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "மேல ஆள் உக்காந்திருந்தா மூடியை எப்படிக்கா திறப்பீங்க?"

"திறக்க முடியாதுல்ல? அதுதான் எனக்கு வேணும்," என்றாள் தில்லைநாயகி. அளவெல்லாம் அவளே தாளில் எழுதி வைத்திருந்தாள். உயரம், பக்கத்திலிருக்கும் கட்டிலின் உயரமேதான். கணவர் மெய்யப்பன் எழுந்திருக்காமலே அதற்கு நகர்ந்துவிடலாம். மூடியின் கீலோ கட்டில் பக்கம்; கட்டிலில் இருந்தபடி திறக்க வராது. படியில் விழுந்து உடைந்த அவர் கால் கூடி நாலு மாதமாகிறது. டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். அவர்தான் பாதத்தைத் தரையில் ஊன்றியதுமே வியர்த்துப்போய்ப் படுத்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். உடனே அவருக்கு அடியிலிருந்து கிரிக்கெட் வர்ணனை, யாரோ போர்வைக்குள் பேசுவதுபோல் கேட்டது.

"ரேடியோவை எங்கடி வெச்சே?"

"உங்களுக்குக் கீழதான்."

"கடைசி அஞ்சு ஓவரு! ஸ்கோரு என்னன்னே புரியலை. வெளிய எடு."

"நீங்க எந்திரிச்சா எடுக்கலாம்."

"கொழுப்புடி உனக்கு."

"ஆமா," என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய், திரும்பிப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கினாள். வெகுநேரம் கழித்து ஜன்னல் கம்பி ஒருமுறை அதிர்ந்தது. கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. புதுக் கீல் கிறீச்சிட்டது. போர்வைக்குள் பேசிக்கொண்டிருந்த குரல், திடீரென்று வீடு முழுக்கக் கேட்டது.