ஓரடி முன்னால்

"ஞானத்தாய் முன்னால வாங்க" என்று பாதிரியார் கூப்பிட்டதும் அக்காவின் கால் தன்பாட்டில் ஓரடி எடுத்து வைத்துவிடுகிறது. அடுத்த நொடியே குனிந்து, நன்றாயிருக்கிற செருப்பு வாரை இழுத்து மாட்டுகிறாள். ஞானஸ்நானத் தொட்டியருகே போய்த் தங்கையின் குழந்தையை வாங்கிக்கொள்பவள் தங்கையின் நாத்தனார். பிள்ளையைத் தேநீர்த் தட்டுபோல் விறைப்பாக ஏந்தியிருக்கிறாள். "அவங்க மனசு கோணக்கூடாதுக்கா. நீ நம்ம ஆளு, புரிஞ்சுக்குவ" என்று தங்கை போன வாரம் சொன்னபோது, "இதுல என்னடி இருக்கு" என்று இவள் சிரித்துவைத்தாள். கண்ணாடி ஜன்னலின் நீல வெளிச்சம் தொட்டித் தண்ணீரில் நெளிகிறது. குளியலறையின் பச்சை வாளியில் அக்காவும் தங்கையும் ஒற்றைக்கண் பொம்மைக்கு ஞானஸ்நானம் கொடுத்த மத்தியானங்களிலும் வெளிச்சம் இப்படித்தான் நெளியும். அப்பாவின் சட்டை கணுக்கால்வரை தொங்க, தங்கைதான் பாதிரியார். பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் என்றைக்கும் இவள்தான். எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்ளும் இரண்டு பேருக்கும் அதில் மட்டும் சண்டையே வந்ததில்லை. தண்ணீர் ஊற்றியதும் பொம்மைக்காக வீறிட்டு அழுவதும், அதன் நெற்றியைத் துடைத்துவிடுவதும் இவள் வேலை. இப்போது பாதிரியார் தண்ணீர் ஊற்றுகிறார். குழந்தை வீறிடுகிறது. தங்கை சட்டென்று திரும்புகிறாள், நாத்தனாரிடம் அல்ல, இவளிடம். இவள் கையில் கைக்குட்டை ஏற்கெனவே விரிந்திருக்கிறது. "குடுக்கா" என்கிறாள் தங்கை, மெதுவாக. கைக்குட்டை தங்கையிடம் போய், அங்கிருந்து நாத்தனாரிடம் போய், குழந்தையின் நெற்றியில் படிகிறது. இவளுடைய கை மட்டும் நீட்டியது நீட்டியபடியே நிற்கிறது.