ரவுண்டானாக் காவல்

இன்றைக்கும் அந்த ஆள் ஷெமியின் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

கறுப்பு ஹெல்மெட், முழங்கால் வரைக்கும் மழைக்கோட்டு, கண்ணாடியை இறக்கி மூடிய முகம். அவள் ஸ்கூட்டரில் ரவுண்டானாவை ஒரு சுற்று சுற்றினால் அவன் பைக்கும் ஒரு சுற்று. அவள் இரண்டு என்றால் அவனும் இரண்டு. நடுநடுவே ஹாரன் வேறு.

ஆரியசாலைக்குத் திரும்பும் முக்கில் அந்த ரவுண்டானாவைக் கட்டி மூன்று வாரம்தான் ஆகிறது. உள்ளே நுழைவது சுலபம். வெளியே வருவதுதான் பெரும்பாடு. இடது பக்கம் பஸ், பஸ்ஸை ஒட்டி லாரி, மிச்சமிருக்கும் இடத்தில் ஆட்டோ. வண்டி கற்று இரண்டு மாதமே ஆன ஷெமி, வழி கிடைக்கிற வரைக்கும் சுற்றிக்கொண்டே இருப்பாள்.

முக்கில் டீக்கடை போட்டிருக்கும் மைதீனுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"சேச்சி, நேர்ச்சைக்குச் சுத்துறீங்களா? பழவங்காடி பிள்ளையார் அங்கிட்டுல்லா இருக்காரு!"

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! ஷெமிக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் பின்னால் வருகிறவனை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக வருகிறான். வீட்டில் சொல்லலாம் என்றால், அங்கே ஞானையன் இருக்கிறார்.

ஞானையன் அவள் புருஷன். சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் வேலை. தன் ஸ்கூட்டரை அவளுக்குக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்கே பஸ் ஏறிவிடுகிறார். வண்டியைக் கொடுத்தாரே தவிர, வாய் மட்டும் சும்மா இருக்காது.

"பதினாறு வருஷம் இந்த ஊருல வண்டி ஓட்டுனவன் நான். இண்டிகேட்டரப் போட்டமா, வெளிய வந்தமான்னு இருக்கணும். இனியும் மூணு சுத்து, நாலு சுத்துன்னு எங்கிட்ட வந்து சொன்னேன்னு வையி, வண்டிய நானே எடுத்துக்கிடுவேன். நீ பஸ்ல போ."

ஷெமிக்கு அந்த வண்டி என்றால் உயிர். பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த காலத்தில், வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி ஜீவன் போயிருக்கும். இப்போது முகத்தில் காற்றடிக்க, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போகிறாள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அதனால் பின்னால் வருகிறவனைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

நேற்றுத் தலைவலி என்று லீவு போட்டுப் பார்த்தாள். பாவம், ஞானையன் அதை நிஜமென்று நம்பி, சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கே போனார்.

இன்றைக்கு வந்தால், இன்றைக்கும் அவன்.

"பயந்தா வந்துக்கிட்டேதான் இருப்பான்" என்று கடையில் கூட வேலை பார்க்கும் கலைச்செல்வி சொல்லியிருந்தாள். "நாலு பேரு நிக்கிற எடத்துல வச்சு நல்லாக் கேட்டு விட்டுரு."

மறுபடியும் ஹாரன். ஷெமிக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தில் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எதிரே வந்த பஸ், ரவுண்டானாவுக்கு முன்னால் வேகத்தடையாகப் போட்டிருக்கும் ஹம்ப்பில் மெதுவாக ஏறி இறங்கியது. அந்த இடைவெளியில் இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியைச் சட்டென்று இடது பக்கம் வெட்டி, மைதீன் கடை முன்னால் கொண்டு வந்து நிறுத்தினாள்.

அவனும் ஒட்டிக்கொண்டே வந்து நின்றான்.

"ஓய், எதுக்கு என் பொறத்தால வாறீரு? ஒரு பொம்பள தனியா வண்டியில போகப்பிடாதா? கழட்டும் அந்த ஹெல்மெட்ட!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள். மைதீன் கரண்டியோடு வந்தான்.

ஆள் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து வேர்த்து வழிந்த ஒரு மீசை வெளியே வந்தது.

"ஏட்டி, கத்தாத. நான்தான்."

ஞானையன்!

"நீங்களா? இது யாரு பைக்கு?"

"கடை பைக்கு. இதுலதான சரக்குக் கொண்டுபோறேன்." அவர் பைக் டாங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ ஒத்தையில கெடந்து சுத்துறியே, பஸ்காரன் எவனாவது இடிச்சிரப்பிடாதேன்னு ஒரு காவலுக்கு வாறேன்."

ஷெமிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் அத்தனை ஏச்சு ஏசிவிட்டு, இங்கே மழைக்கோட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டு பின்னாலேயே வருகிறாரே இந்த மனுஷன்! நின்றவர்களுக்கும் மனசு இளகிவிட்டது. "கெட்டுனா இப்பிடி ஒரு மாப்பிள்ளையக் கெட்டணும்" என்றார் ஒரு பெரியவர்.

ஞானையன் மீசையைத் தடவிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த நேந்திரம்பழ பஜ்ஜி, பழம்பொரி வாங்க உள்ளே போனார்.

மைதீன் மெல்ல அவள் பக்கத்தில் வந்தான்.

"சேட்டன் நல்ல மனுஷன்தான் சேச்சி. ஆனா எனக்கொரு சம்சயம்."

"என்ன?"

"நேத்து நீங்க வரலியே. நேத்தும் வந்து, ஒத்தையில ஒம்பது சுத்து சுத்துனாரே!"

ஷெமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்து முடிக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஞானையன் சூடான பழம்பொரியோடு வந்தார். "என்னட்டி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. இஞ்ச பாருங்க, நாளைக்கும் எனக்குக் காவலுக்கு வந்திருங்க. நீங்க பின்னால இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்றாள் ஷெமி. "அந்த ஹம்ப்புல பஸ்ஸு ஏறி இறங்கும்போது நான் கையக் காட்டுவேன். நீங்களும் அப்பிடியே வெளிய வந்திரலாம்."