ஜாதக வயது

“பயப்பட ஒண்ணும் இல்லம்மா. எல்லைக்குள்ளதான் இருக்கு,” என்றாள் டாக்டர் கனிமொழி.

வசந்திக்குப் பக்கத்து நாற்காலியில் பரசுராமன் அடக்கியிருந்த மூச்சை விட்டான். தறியை நிறுத்திவிட்டு, ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் மனைவியைத் திருத்தணிக்கு அழைத்து வந்திருந்தான்.

சர்க்கரை இருப்பதால் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, விட்டால் தழும்பாகிவிடும் என்று போன வாரம் டாக்டர் சொல்லியிருந்தாள். ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டியதில்லை, ரத்தத்தைப் பார்த்தே ஒரு கணக்குப் போடலாம் என்றபோதுதான் வசந்திக்கு உயிர் வந்தது.

அந்தக் கணக்கு இப்போது கம்ப்யூட்டர் திரையில் நின்றது. ஒன்று புள்ளி இரண்டு.

“ஒண்ணு புள்ளி மூணைத் தாண்டினா ஸ்கேனுக்கு அனுப்புவோம். இதுல உங்க வயசும் சேருது. நாப்பத்திரெண்டுதானே? இதே ரத்தத்துக்கு இன்னும் நாலு வயசு கூட இருந்திருந்தா தாண்டியிருக்கும்.”

வசந்தியின் விரல்கள் முந்தானை நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

நாற்பத்திரண்டு, ஆதார் அட்டையின் வயது. அதற்கு முன்பு ஜாதகத்தின் வயது.

இருபத்தேழாகியும் வரன் அமையாத மகளுக்கு அம்மா புதிதாக ஒரு ஜாதகம் எழுதி வாங்கினாள். மாப்பிள்ளைக்கு இருபத்துநாலு என்று தெரிந்த மறுநாள். ஏழு வருஷத்தை அப்படியே விழுங்கிவிட்டு.

அது தெரிந்த இரண்டு பேரில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக வசந்தி புருஷனுக்குச் சின்னவளாகவே இருந்தாள். மாதவிலக்கு நின்றுபோன பிறகும், போன வருஷம் முழுக்க, மாதம் மூன்று நாள் தனியாகப் பாய் விரித்துப் படுத்தாள்.

மலைப்படி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கினால் பரசுராமன் உரக்கக் கேலி செய்வான்: “என்ன வுட நாலு வயசு சின்னவ, கெழவி மாதிரி ஏறிகினு வர்றா பாரு!”

அவனுடைய அம்மாவோ அக்காவோ கூட வரும்போது மட்டும்தான் அந்தக் கேலி. தனியாக ஏறினால் பேசாமல் கையைக் கொடுப்பான்.

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை.

ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு, அதே புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் போக வேண்டும்.

சொல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதோ, அது சத்தமில்லாமல் இறுகிக்கொண்டே போகும்.

வாயைத் திறந்தாள். முந்தானை நுனியால் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் சீட்டை நீட்டி, அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றாள். வசந்தி அதை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

பரசுராமன் எழவில்லை.

“ஏழு வயசு கூட்டிப் போட்டுப் பாருங்க மேடம்,” என்றான், சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைப் பார்த்தபடி.