கடைசிக் கேள்வி

“கடைசிக் கேள்விக்கு என்னடா எழுதியிருக்க?” என்றாள் அக்கா. கட்டட வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கையில் சிமெண்டு ஒட்டியிருந்தது.

தம்பி கல்லூரி விண்ணப்பத்தை வாசித்தான். “பிறருக்குக் கிடைக்காமல் உங்களுக்குக் கிடைத்த வசதி எது?”

“நமக்கா? வசதியா? வீட்டுல மழைக்கு ஒழுகாத மூலை ஒண்ணு இருக்கே, அதை எழுது.”

“விளையாடாதக்கா. நாளைக்குக் கடைசி நாள். சீட் கிடைக்கலைன்னா?”

“கிடைக்கும். அப்பா சாரத்துலேர்ந்து விழுந்ததும் நான் சாந்துச் சட்டி தூக்கப் போனேனே, நீ இப்படி மூக்கைச் சிந்தவா? எழுது!”

அவன் எழுதி நீட்டினான். அவள் சத்தமாகப் படித்தாள்.

‘எனக்கு ஒரு அக்கா. என்னைவிட ஆறு நிமிடம் மூத்தவள். ஒரே வகுப்பில் படித்தோம். இறுதித் தேர்வில் என்னைவிட நாற்பது மதிப்பெண் அதிகம். நான்தான் மூத்தவள் என்று சொல்லி வேலைக்குப் போனாள். அந்த ஆறு நிமிடம்தான் எனக்குக் கிடைத்த வசதி.’

அவள் தாளைக் கீழே வைத்தாள். “கிறுக்கா, இதையெல்லாமா எழுதுவாங்க?”

“எழுதியாச்சு. நீ இதுல கையெழுத்துப் போடு.” இன்னொரு விண்ணப்பத்தை எடுத்து வைத்தான். அவள் பெயரில் நிரப்பியிருந்தான். “எனக்குக் காலை வகுப்பு, உனக்கு மாலை வகுப்பு.”

“அப்ப வேலைக்கு?”

“காலையில நீ போ. மத்தியானம் நான் வந்து சட்டியை வாங்கிக்கிறேன். கை மாத்தி விட்டாத்தானே சட்டி மேல்மாடி ஏறும்?”

அக்கா பேனாவை வாங்கினாள்.

“ஆறு நிமிஷம் லேட்டா வந்தே, தொலைச்சுடுவேன்.”