வெறுங்கால் உயரம்

கடையில் காட்சிக்கு வைத்த மாதிரிச் சமையலறைகளில், விலை கையைச் சுடாதது இது ஒன்றுதான். வாசல் வெயில் அதன் வெள்ளை மேடையில் படுத்திருக்கிறது. தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறாள். "செருப்போடயே வரலாம்மா," என்கிறார் விற்பனையாளர். "வீட்ல வெறுங்காலோடதானே நிக்கப்போறேன்? அளவு தப்பாயிடும் தம்பி." இல்லாத கத்தியால் இல்லாத வெங்காயத்தை நறுக்குகிறாள், தோள்கள் காதைத் தொடப் பார்க்கின்றன. முகம் வாடுகிறது. விற்பனையாளர் மண்டியிட்டு, அலமாரியின் கால்களை ஒவ்வொன்றாகத் திருகுகிறார். மேடை நான்கு விரற்கடை இறங்குகிறது. மறுபடி நறுக்குகிறாள். தோள்கள் அசையவில்லை, வளையல்கள் மட்டும் கிணுகிணுக்கின்றன. கூட வந்து பனைமர உயரத்தில் நிற்கும் அவள் கணவர் தொட்டியை எட்டிப் பார்க்கிறார். "பாத்திரம் கழுவ நான் குனியணுமே?" "குனிங்க. இருபது வருஷமா வாடகை வீட்ல நான் எக்கி நின்னேன்ல!" அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிகிறார், இல்லாத பாத்திரத்தைக் கழுவத் தொடங்குகிறார்.