ஒரு மாலை அனனியா

பேராசிரியர் கேட்டைத் திறந்தபோது மனைவி முற்றத்தில் முழங்காலிட்டிருந்தாள். பதறிப்போனார். கிட்டே போய்ப் பார்த்தால் ஜெபமில்லை. எலுமிச்சைக் கன்று நட்டுக்கொண்டிருந்தாள்.

மகனுடைய பைக் நிற்கிற இடம் அது. அவன் கப்பல் வேலைக்குப் போன நாளிலிருந்து வாரம் தவறாமல் அதைத் துடைத்து, வந்து ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி என்று வைத்திருந்தவள் அவள். இப்போது பைக், பின்பக்கக் கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது.

“இங்கதாங்க வெயில் நல்லா விழுது,” என்றாள் நிமிராமல். “காய்க்க நாலு வருஷம் ஆகுமாம்.”

மகனுக்கு எலுமிச்சை ஜூஸ் என்றால் உயிர். நாலு வருஷம் காத்திருக்கத் துணிந்தவளிடம் எந்த வாயால் சொல்வது?

சொல்ல வந்தது இதுதான். மகன் போன கப்பல் புயலில் காணாமல் போய் மாதங்கள் ஆகிவிட்டன. இன்று மதியம் கம்பெனியிலிருந்து, அவர் வேதபாடம் நடத்தும் கல்லூரிக்கு போன் வந்தது. தேடுவதை நிறுத்திவிட்டார்களாம். யாரும் பிழைத்திருக்க வழியில்லையாம்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, “டீ இருக்கா?” என்றார்.

“இருக்கு. குடிச்சிட்டுக் கிளம்புங்க, வேத வகுப்புக்கு எல்லாரும் வந்திருப்பாங்க. நானும் வர்றேன்.” அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “வேற எதுவும் சொல்லணுமா?”

“ஒண்ணுமில்ல.”

சர்ச் ஹாலில் நடக்கும் அந்த மாலை வகுப்பில் அவருக்குக் ‘குண்டூசி’ என்று பெயர். யார் எந்த வசனத்தை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு வந்தாலும், “யார் சொன்னது? யாருக்குச் சொன்னது? எப்பச் சொன்னது?” என்று மூன்று குத்து, காற்று இறங்கிவிடும். மகளின் கல்யாணப் பத்திரிகையில் நம்பிக்கை வசனம் ஒன்றை அச்சடித்துக் கொண்டுவந்தவரிடம், “இது சிறைப்பட்டவங்களுக்கு எழுதினது” என்று விளக்கினார். கூட வந்திருந்த மாப்பிள்ளை மட்டும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினாராம்.

இன்றைய பாடம் அதே வசனம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது: உங்களுக்கு நல்ல முடிவு உண்டு.

பேராசிரியர் முதல் பெஞ்சைப் பார்த்தார். மனைவியின் நகக்கண்ணில் மண் இன்னும் போகவில்லை.

“அவங்க திரும்பி வந்துடுவாங்க,” என்றார். “சீக்கிரமே.”

குத்து எப்போது விழும் என்று காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரிட்டையரான போஸ்ட் மாஸ்டர் எழுந்தார். “சார், போன தடவை, திரும்ப எழுபது வருஷம் ஆகும்னீங்க. கேட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அங்கேயே போய்ச் சேர்ந்திருப்பாங்கன்னீங்க.”

“அது... ஒரு கணக்கு.”

“வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, காய்ச்சதைச் சாப்பிடுங்கன்னு அதுக்கு மேலேயே எழுதியிருக்காரே. மூட்டையைக் கட்டி வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காதீங்க, இப்போதைக்குத் திரும்புற பேச்சே கிடையாதுன்னு அதுக்கு அர்த்தம்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் சம்சாரம் சோறே திங்கல.”

“அப்பத் தப்பாச் சொல்லிட்டேன்.”

“ரெண்டே வருஷத்துல திரும்பிடலாம்னு ஜனங்களை ஏமாத்தினானே, அனனியா! பொய்த் தீர்க்கதரிசின்னு அவனைக் கிழிகிழின்னு கிழிச்சீங்களே, அது?”

“பாவம், ஆறுதலுக்குச் சொல்லியிருப்பான்,” என்றார் பேராசிரியர். பணியில் சேர்ந்த நாள்முதல் வருஷம் தவறாமல் அனனியாவைத் தூக்கில் போட்டு வந்த வாய் அது.

போஸ்ட் மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிந்து குண்டூசி மழுங்கியது அன்றைக்குத்தான்.

வகுப்பு முடிந்ததும் தையல்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “இன்னைக்குத்தான் சார் மனசுக்குத் தெம்பா ஒரு பாடம் எடுத்திருக்கீங்க!”

பேராசிரியர் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் மனைவி ஓரடி முன்னால் நடந்தாள். தெருமுனை தாண்டியதும், “நீங்களே அனனியா ஆயிட்டீங்களே,” என்றாள்.

“என்ன செய்யச் சொல்ற? அவன் வருவான்னு நீ மரம் நட்டு வச்சிருக்கே. உன்னை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டு வேற எப்படிச் சொல்றது?”

வீடு வந்துவிட்டது. அவள் கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கம்பெனிக்காரங்க காலையில முதல்ல வீட்டுக்குத்தான் பேசினாங்க. உங்ககிட்ட என் வாயால சொல்ல முடியல. அதான் காலேஜ் நம்பரைக் குடுத்தேன்.”

பேராசிரியர் கம்பிகளுக்கு ஊடே முற்றத்தைப் பார்த்தார். பைக் நின்ற இடத்தில் மண் ஈரம் காயாமல் இருந்தது.

“அப்போ... அந்த எலுமிச்சை?”

“போனை வச்சிட்டுத்தாங்க குழி தோண்டினேன்.”